தோட்ட நகரத்திலிருந்து தற்காப்புத் துறைக்கு: சிறிய தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் நகரைச் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்திருக்கின்றன. அதே நகரில்தான் மலேசியத் தரைப்படையின் வான்பிரிவு இயங்கும் மஹ்கோத்தா முகாமும் இருக்கிறது. தோட்டத்தில் டிரோன் பறக்கவிட்டு மருந்து தெளிக்கும் இளைஞருக்கும், முகாமில் ஹெலிகாப்டரைப் பராமரிக்கும் தொழில்நுட்பருக்கும் இடையே தொலைவு அதிகமில்லை, பழக்கம்தான் இல்லை. பொறியியலோ கணினியோ படித்துவிட்டு, கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போகாமல், ஊரிலேயே நான்கைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு நிறுவனம் நடத்தும் நம் பிள்ளைகள் இன்று பல தோட்ட நகரங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

படைக்கு ஒரு கருவியைக் கொடுக்க வேண்டுமானால், மழையிலும் வெயிலிலும் சேற்றிலும் தொலைத்தொடர்பு அறுந்த இடத்திலும் அது வேலை செய்யும் என்பதற்குச் சான்று வேண்டும். அந்தச் சான்றைச் சிறுகச் சிறுகச் சேர்க்கத் தோட்டத்தைவிடப் பொருத்தமான இடம் நம் நாட்டில் அரிது என்பது என் உறுதியான எண்ணம். தலைநகரின் குளிரூட்டிய அலுவலகத்தில் இயங்கும் நிறுவனங்களுக்கு இல்லாத இந்த வாய்ப்பு நம் வாசலிலேயே இருக்கிறது. அதை முறையாகப் பயன்படுத்திக்கொள்வது எப்படி, அதற்குப் பிறகு எந்தக் கதவுகளை எந்த வரிசையில் தட்டுவது என்பதையே கீழே விளக்குகிறேன்.

யாரிடம் போவது?

தற்காப்பு அமைச்சு என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அதற்குள் ஒரு கருவியைப் பயன்படுத்துபவர் வேறு, சோதிப்பவர் வேறு, நிதி ஒதுக்குபவர் வேறு, கொள்முதல் ஆணையில் கையெழுத்திடுபவர் வேறு. முகாமில் உள்ள அதிகாரி ஒருவர் உங்கள் கருவியைப் பார்த்துவிட்டு, இதுதான் எங்களுக்கு வேண்டும் என்று மனதாரச் சொல்லக்கூடும். அது மிகவும் மதிப்புள்ள கருத்துதான். ஆயினும் அவரால் அதை வாங்க முடியும் என்று அதற்குப் பொருளில்லை. அந்தப் பாராட்டை நம்பி ஆள் சேர்த்து, கடன் வாங்கி, பிறகு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து கலைந்துபோகும் நிலை உங்களுக்கு வரக்கூடாது என்பதற்காகவே இதை முதலிலேயே சொல்கிறேன்.

சோதனைக்கும் தொழில்நுட்ப மதிப்பீட்டுக்கும் உரிய இடம் ஸ்ட்ரைட் எனப்படும் தற்காப்பு அறிவியல் தொழில்நுட்ப ஆய்வுக் கழகம். அது தற்காப்பு அமைச்சின் கீழ், காஜாங்கைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. சுங்கை பெசி முகாமில் உள்ள தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகமும் ஆய்வுக் கூட்டாளியாக அமையக்கூடியது. குளுவாங்கில் இருப்பவர்களுக்கு இவற்றைவிட அருகில், பாரிட் ராஜாவில், துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம் இருக்கிறது. பொறியியல் ஆய்வகங்கள் உள்ள அப்பல்கலைக்கழகத்தின் விரிவுரையாளர் ஒருவரோடு சேர்ந்து ஒரு சிறிய ஆய்வைச் செய்து முடித்தால், உங்கள் அளவீடுகளுக்கு நீங்கள் அல்லாத ஒருவரின் கையொப்பம் கிடைக்கும். ஐந்து பேர் கொண்ட நிறுவனத்துக்கு அந்தக் கையொப்பம் பெரிய முதலீடு.

அடுத்த கதவு பெரிய ஒப்பந்த நிறுவனங்கள். லுமுட்டில் கடற்படைக் கப்பல் கட்டும் தளம், பகாங் மாநிலம் பெக்கானில் தரைப்படைக்கு 257 கெம்பித்தா கவச வாகனங்களைத் தயாரிக்கும் ஒப்பந்தத்தைப் பெற்ற டெஃப்டெக், மலாக்கா பத்து பெரெண்டாமில் விமானங்களுக்குக் கலப்புப்பொருள் பாகங்கள் செய்யும் சிடிஆர்எம் போன்றவை அந்த வரிசையில் வருகின்றன. ஒரு வாகனமோ கப்பலோ படைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு பல பத்தாண்டுகள் அதற்குப் பராமரிப்பும் உதிரிப்பாகமும் மென்பொருள் திருத்தமும் தேவைப்படுகின்றன. அந்த நீண்ட காலத்தில்தான் சிறிய நிறுவனத்துக்கு உண்மையான இடம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து பெரிய தளவாடங்களை வாங்கும்போது, விற்பவர் உள்நாட்டுத் தொழிலுக்குப் பயன் தரும் வேலைகளைச் செய்ய வேண்டும் என்ற தொழில்துறை ஒத்துழைப்புத் திட்டமும் நடைமுறையில் உள்ளது. அவ்வாறு கடமைப்பட்ட வெளிநாட்டு நிறுவனங்கள் திறமையான உள்ளூர்ப் பங்காளிகளைத் தேடிக்கொண்டுதான் இருக்கின்றன.

என் பரிந்துரை இதுதான்: முதலில் பயன்படுத்துபவரிடம் பேசித் தேவையை அறியுங்கள், பிறகு பல்கலைக்கழகத்தோடோ ஸ்ட்ரைட்டோடோ சோதித்துச் சான்று பெறுங்கள், அதன்பின் பெரிய நிறுவனத்தின் துணை ஒப்பந்தக்காரராக வேலை செய்து பழகுங்கள், சொந்தப் பெயரில் டெண்டர் போடுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தச் சிக்கலைத் தீர்ப்பது?

தற்காப்பு என்றதும் துப்பாக்கியும் ஏவுகணையும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆயுதம் தயாரிப்பதற்கு 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும். சிறிய நிறுவனம் கால் வைக்கும் இடமும் அது அல்ல. அப்படிப்பட்ட வேலையில் எப்போதாவது பங்கேற்பதா, கூடாதா என்பதைப் பங்குதாரர்கள் தொடக்கத்திலேயே உட்கார்ந்து பேசி எழுத்தில் வைத்துக்கொள்வது நல்லது. வாய்ப்பு வந்த பிறகு அந்தப் பேச்சை எடுத்தால் நிறுவனம் உடையக்கூடும்.

படையின் அன்றாடத் தேவைகளில் பெரும்பகுதி ஆயுதம் சாராதது. வாகனங்களின் பழுதுப் பதிவுகள், உதிரிப்பாகக் கிடங்கின் கணக்கு, மின்கலங்களின் ஆயுளைக் கண்காணித்தல், பயிற்சிக்கான கணினிப் பாவனைகள், மலாய்ப் பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள், வரைபடங்கள், இணையப் பாதுகாப்பு என்று அது நீள்கிறது. இவற்றில் தோட்டத்துக்கும் படைக்கும் பொதுவான சிக்கலைத் தேடுவதே அறிவுடைமை.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். 2023 மார்ச் மாதம் ஜொகூரைத் தாக்கிய வெள்ளத்தில் 40,000க்கும் மேற்பட்டோர் தற்காலிக நிவாரண மையங்களில் தங்க நேர்ந்தது. பத்து பகாட் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டது. குளுவாங், சிகாமட் மாவட்டங்களும் தப்பவில்லை. அத்தகைய நேரத்தில் இராணுவ லாரிகளும் படகுகளும்தான் உட்பகுதி மக்களை அடைகின்றன. முதன்மைச் சாலை மூழ்கியதும் அடுத்த கேள்வி, எந்தத் தோட்டச் சாலை வழியாக லாரி போகலாம் என்பதுதான். வழக்கமான கைப்பேசி வரைபடம் இதற்குப் பதில் சொல்லாது. செம்மண் சாலை எந்த இடத்தில் குழையும், எந்தப் பாலம் குலை ஏற்றிய டிராக்டரைத் தாங்கும், எந்த வடிகால் முதலில் நிரம்பும் என்பதெல்லாம் டிராக்டர் ஓட்டுநருக்கும் வேலையை மேற்பார்க்கும் மண்டோருக்கும் மனப்பாடம். அந்த அறிவை டிரோன் படத்தோடும் மழைமானியின் அளவோடும் இணைத்து, இப்போது எந்தச் சாலையில் எத்தனை டன் எடை போகலாம் என்று காட்டும் வரைபடமாக மாற்றினால், அதைத் தோட்ட நிர்வாகமும் குலை ஏற்றிச் செல்வதற்காக வாங்கும், பேரிடர் முகவாண்மைகளும் கேட்கும், படையும் கேட்கும். ஒரே உழைப்புக்கு மூன்று வாங்குநர்கள் இருப்பதால், ஒருவர் தாமதித்தாலும் நிறுவனம் சாப்பிடும்.

இணையப் பாதுகாப்பில் ஈடுபட விரும்புவோர் 2024ஆம் ஆண்டு இணையப் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்தாக வேண்டும். 2024 ஆகஸ்டு 26 முதல் நடைமுறையில் உள்ள அச்சட்டம் 11 துறைகளை நாட்டின் முக்கியத் தகவல் உள்கட்டமைப்பாக வகுத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் தற்காப்பும் தேசியப் பாதுகாப்பும் ஒரு துறை. வேளாண்மையும் தோட்டத் தொழிலும் இன்னொரு துறை. ஊடுருவல் சோதனை, பாதுகாப்புக் கண்காணிப்பு ஆகிய சேவைகளை வழங்குவதற்கு உரிமம் தேவை. தோட்ட நிறுவனம் ஒன்றுக்கு அந்த உரிமத்தோடு வேலை செய்து பெயர் எடுத்தவர், தற்காப்புத் துறையின் முன்னால் வெறுங்கையோடு நிற்க மாட்டார்.

தோட்டத்தில் சான்று சேர்ப்பது

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். மற்றவற்றை ஆலோசகரிடம் கேட்டுக்கொள்ளலாம். இதை நீங்களேதான் செய்ய வேண்டும்.

செம்பனை மரங்களை முக்கோண அமைப்பில், ஏறத்தாழ 9 மீட்டர் இடைவெளியில் நடுகிறார்கள். ஒரு ஹெக்டரில் 136 முதல் 148 மரங்கள் வரை நிற்கும். மரங்கள் முதிர முதிர மட்டைகள் மேலே ஒன்றோடொன்று நெருங்கி வானத்தை மறைத்துவிடுகின்றன. கீழே நிற்கும் கருவிக்குச் செயற்கைக்கோள் சமிக்ஞை தேய்ந்து கிடைக்கிறது. மழை விட்டதும் மட்டைகளில் நீர் தங்கியிருக்கும் வேளையில், 2.4 கிகாஹெர்ட்ஸ் வானொலி அலையை அந்த ஈர இலைகள் உறிஞ்சிக்கொள்வதால், காலையில் தடையின்றி வந்த காணொளி நண்பகலில் நின்று நின்று வருகிறது. காட்டுக்குள் செயல்படும் படைவீரர் எதிர்கொள்ளும் சூழலும் பெரும்பாலும் இதேதான். மலேசியப் படை பாலைவனத்துக்காகக் கருவி வாங்குவதில்லை. ஈரமும் இலையும் நிறைந்த நிலத்துக்காக வாங்குகிறது.

ஆகவே ஒவ்வொரு முறை கருவியை இயக்கும்போதும் ஒரு வரி எழுதுங்கள். எடுத்துக்காட்டாக: ‘ப்ளோக் 14, 12 வயது மரம், காலை 10:40, மழை விட்டு அரை மணி நேரம், காற்று இல்லை, 180 மீட்டரில் படம் நின்றது, 9 விநாடியில் திரும்பியது, இறங்கியபோது மின்கலத்தின் வெப்பம் 47 பாகை.’ இவ்வளவு போதும். தவறிய இயக்கங்களை விட்டுவிடாதீர்கள். ஒரு பதிவேட்டில் வெற்றிகள் மட்டுமே இருந்தால், அனுபவமுள்ள மதிப்பீட்டாளர் அதை மூடி வைத்துவிடுவார். எந்தச் சூழலில் கருவி நிற்கிறது, நின்றால் என்ன செய்கிறது, எவ்வளவு நேரத்தில் மீள்கிறது என்பதே அவருக்கு வேண்டிய செய்தி. நாளின் முடிவில் அன்றைய பக்கத்தில் தோட்டத்தின் பொறுப்பாளர் ஒருவரின் கையொப்பத்தைப் பெறுங்கள். மண்டோர் கையொப்பமிட்டாலும் அதற்கு மதிப்பு உண்டு. அவர் உங்கள் சம்பளத்தில் இல்லாத சாட்சி. தோட்ட நிர்வாகியின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் மட்டும் எதையும் தொடங்க வேண்டாம்.

தொழில்நுட்பத்தின் தயார்நிலையை 1 முதல் 9 வரை அளக்கும் அளவுகோல் ஒன்று நாசாவில் பிறந்து இன்று உலகெங்கும் பயன்படுகிறது. எண்ணம் மட்டும் இருந்தால் 1. உண்மையான பணியில் தொடர்ந்து இயங்கி நிரூபிக்கப்பட்டிருந்தால் 9. பொருத்தமான சூழலில் மாதிரியை இயக்கிக் காட்டினால் 6, உண்மைச் செயற்சூழலில் காட்டினால் 7. மேசைமேல் ஓடும் மாதிரியை வைத்துக்கொண்டு 7 என்று எழுதும் நிறுவனங்களைப் பார்த்துப் பார்த்து மதிப்பீட்டாளர்கள் சலித்திருக்கிறார்கள். தோட்டப் பதிவேடு கையில் இருந்தால், தோட்டப் பணிக்கு 8, படைப் பணிக்கு 6 என்று பிரித்து நேர்மையாக எழுதலாம். அந்த நேர்மை கவனிக்கப்படும்.

கருவிக்கு வெளியே ‘இராணுவத் தரம்’ என்று ஒட்டிவிடாதீர்கள். மில்-எஸ்டிடி-810 என்ற அமெரிக்கத் தரநிலை ஒரு முத்திரை அன்று. வெப்பம், ஈரப்பதம், மழை, அதிர்வு, தூசு, உப்புக்காற்று, பூஞ்சை என்று பல சோதனை முறைகளின் தொகுப்பு அது. எந்தச் சோதனைகளை எந்த அளவில் செய்தோம் என்று சொன்னால்தான் அதற்குப் பொருள். நம் நாட்டுக்கு ஈரப்பதமும் பூஞ்சையும் முக்கியமானவை. சர்க்யூட் பலகையின் மேல் பாதுகாப்புப் பூச்சு இல்லாத கருவி, தோட்டக் கொட்டகையில் சில மாதங்கள் கிடந்தாலே என்ன ஆகும் என்பது தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். சிரிம் போன்ற ஆய்வகங்களில் கட்டணம் செலுத்தி ஓரிரு சோதனைகளை முறையாகச் செய்து, அறிக்கையை வைத்துக்கொள்ளுங்கள். எல்லாச் சோதனைகளுக்கும் ஒரே நேரத்தில் பணம் கட்ட வேண்டியதில்லை.

டிரோன் பறக்கவிடுவோர் மலேசியப் பொது வான் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடிக்க வேண்டும். 400 அடிக்கு மேலும், கட்டுப்படுத்தப்பட்ட வான்வெளியிலும், விமானத்தளங்களின் அருகிலும் அனுமதியின்றிப் பறக்கவிட முடியாது. குளுவாங்கில் இராணுவ விமானத்தளமே இருப்பதால், தோட்டத்தின் மேல்தானே பறக்கிறோம் என்று எண்ணிவிடக்கூடாது. வானிலிருந்து படமெடுத்து வரைபடம் தயாரிக்க நில அளவைத் துறையான ஜுப்பெமின் அனுமதியும், வானொலிக் கருவிகளுக்கு உரிய சான்றிதழும் தேவைப்படும். இந்த அனுமதிகளைக் கோப்பாகச் சேர்த்து வைத்திருக்கும் நிறுவனம் சட்டத்தை மதிக்கும் நிறுவனம் என்பது படைக்கு ஒரே பார்வையில் புரியும். விதியை மீறிப் பறக்கவிட்ட காணொளி ஒன்று சமூக ஊடகத்தில் கிடந்தால் அதற்கு நேர்மாறானதும் புரிந்துவிடும்.

பதிவும் கொள்முதலும்

அரசுக்கு விற்க நினைக்கும் நிறுவனம் நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்எஸ்எம்-இல் பதிவு செய்திருப்பதோடு, நிதி அமைச்சின் இணையவழிக் கொள்முதல் அமைப்பான இபெரோலேஹானிலும் வழங்குநராகப் பதிவு பெற வேண்டும். தற்காப்புத் துறையை நோக்கமாகக் கொண்டால் செண்டிரியான் பெர்ஹாட் எனப்படும் தனியார் வரையறுக்கப்பட்ட நிறுவனமாக இருப்பதே நல்லது. பதிவின்போது, எந்தெந்தப் பொருள் சேவைகளை வழங்குகிறீர்கள் என்பதைக் ‘கோட் பீடாங்’ எனப்படும் துறைக் குறியீடுகளால் குறிக்க வேண்டும். டெண்டர் அறிவிப்பில் கேட்கப்படும் குறியீடு உங்கள் சான்றிதழில் இல்லையென்றால், திறமை எவ்வளவு இருந்தாலும் உள்ளே நுழைய முடியாது. எனவே கடந்த கால அறிவிப்புகளைப் பொறுமையாகப் படித்து, உங்கள் வேலை எந்தக் குறியீட்டின்கீழ் கேட்கப்படுகிறது என்று பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

சிறிய தொகைகளுக்கு நேரடிக் கொள்முதல், அடுத்த நிலைக்கு விலைக்கோரல், பெரிய தொகைகளுக்கு டெண்டர் என்பதே பொதுவான வரிசை. இவற்றின் வரம்புகள் மாறிவந்திருக்கின்றன. 2025 ஆகஸ்டில் மக்களவை அரசாங்கக் கொள்முதல் மசோதாவையும் நிறைவேற்றியது. ஆகவே பழைய எண்களை யாராவது சொன்னால் நம்பாமல், நடப்பில் உள்ள கருவூலச் சுற்றறிக்கையைப் பாருங்கள். அமைச்சின் தலைமையகம் மட்டுமே வாங்குகிறது என்று எண்ண வேண்டாம். செலவுப் பொறுப்பு உள்ள பிரிவுகள் தங்கள் வரம்புக்குள் சிறிய கொள்முதல்களைத் தாங்களே செய்கின்றன. சிறு பயிற்சியோ பராமரிப்போ வரைபட வேலையோ அந்த வழியில் கிடைத்தால், தொகை சிறியதே என்று தள்ளாதீர்கள். படைக்கு நேரத்தில் வேலை முடித்துக்கொடுத்த நிறுவனம் என்ற பதிவு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சில அறிவிப்புகள் பூமிபுத்ரா தகுதி பெற்ற நிறுவனங்களுக்கென ஒதுக்கப்பட்டிருக்கும். அறிவிப்பின் முதல் பக்கத்திலேயே அதைப் பார்த்துவிட்டு நேரத்தை மிச்சப்படுத்துங்கள். அத்தகைய வேலைகளில் தகுதி பெற்ற நிறுவனம் ஒன்றுடன் முறையான துணை ஒப்பந்தம் செய்துகொண்டு, தொழில்நுட்பப் பகுதியை நீங்கள் செய்யலாம். யாருடைய பொறுப்பு எது, மென்பொருளின் உரிமை யாருக்கு, பணம் எந்த நாளுக்குள் வரும் என்பவை அந்த ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். பெயரை மட்டும் இரவல் வாங்கும் ஏற்பாடு எதிலும் சேராதீர்கள்.

டெண்டர் ஆவணங்கள் மலாய் மொழியில் இருக்கும். உங்கள் முன்மொழிவும் நல்ல மலாயில் இருக்க வேண்டும். தொழில்நுட்ப முன்மொழிவையும் விலை முன்மொழிவையும் தனித்தனியாகக் கொடுக்கச் சொன்னால், ஒன்றில் இருக்க வேண்டியது மற்றொன்றில் ஒரு வரிகூட வரக்கூடாது. கட்டாய விளக்கக் கூட்டம் அல்லது இடப் பார்வை என்று அறிவித்திருந்தால், அதற்குப் போகாதவரின் விண்ணப்பம் எடுத்துக்கொள்ளப்படாது. மாதக்கணக்கில் உழைத்து ஆவணம் தயாரித்துவிட்டு, கையொப்பப் படிவம் ஒன்றை விட்டதால் தள்ளப்படுவது வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். அனுப்புவதற்கு முன் தயாரிப்பில் கலந்துகொள்ளாத ஒருவரிடம் சரிபார்ப்புப் பட்டியலைக் கொடுத்து, ஒவ்வொரு படிவத்தையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

பணம் வரும் வேகம்

ஆண்டு வரவு செலவுத் திட்டம் பொதுவாக அக்டோபரில் தாக்கல் செய்யப்படுகிறது. நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. இன்று ஒரு தேவை ஏற்கப்பட்டாலும் அடுத்த ஆண்டின் ஒதுக்கீட்டில் இடம்பெற்றால்தான் அது கொள்முதலாக மாறும். ஆகவே முதல் சந்திப்பிலிருந்து முதல் கொள்முதல் வரை ஆண்டுகள் ஆகலாம் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். பில்லுக்கு உரிய ஆவணங்கள் முழுமையாகச் சேர்ந்த பிறகு 14 நாள்களுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்பது அரசின் விதி. தாமதம் பெரும்பாலும் அந்த ‘முழுமை’ இல்லாததால்தான் நேர்கிறது. ஒப்பந்தத் தொகை பெரிதானால் அதில் குறிப்பிட்ட விழுக்காட்டை வேலையை நிறைவேற்றுவோம் என்பதற்கான உத்தரவாதமாக வங்கி வழியாக வைக்க வேண்டியிருக்கும். தாமதமானால் தண்டத் தொகையும் உண்டு. இரண்டையும் விலையில் கணக்கிடுங்கள்.

தொடக்க மூலதனத்துக்கு கிரேடில் நிதி நிறுவனத்தின் உதவித் திட்டங்களையும், புதிய தொழில்நுட்பங்களைச் சோதிக்க, அரசின் தொழில்நுட்ப ஆய்வு முடுக்க அமைப்பான மிராந்தியின் வசதிகளையும் பார்க்கலாம். சிறுதொழில் கடன் தரும் அரசு அமைப்பான தெக்குனின் ஸ்புமி கடன் இந்தியச் சமூகத் தொழில்முனைவோருக்கானது. கருவி வாங்கவும் தோட்டச் சேவையைத் தொடங்கவும் அது உதவும். ஆனால் படையின் ஒப்பந்தம் வந்துவிடும் என்ற எதிர்பார்ப்பை வைத்துக் கடன் வாங்காதீர்கள். தோட்டத்திலிருந்து வரும் வருமானம் மாதச் சம்பளத்தைத் தாங்கும் நிலை வந்த பிறகே தற்காப்புத் துறைக்காக ஓர் ஆளை முழுநேரமாக ஒதுக்குங்கள்.

சட்டத்தில் கால் இடறாமல் இருக்க

அரசு ஆவணங்கள் தெர்ஹாட், சூலிட், ரஹ்சியா, ரஹ்சியா பெசார் என்று நான்கு நிலைகளாக வகைப்படுத்தப்படுகின்றன. 1972ஆம் ஆண்டு அதிகாரபூர்வ இரகசியச் சட்டம் இதற்குப் பின்னால் நிற்கிறது. அத்தகைய ஆவணம் உங்களிடம் கொடுக்கப்பட்டால், அதைக் கைப்பேசியில் படமெடுத்துக் குழுவின் வாட்ஸ்அப்பில் போடுவது குற்றம். பூட்டக்கூடிய அலமாரி, இணையத்தோடு இணைக்காத ஒரு கணினி, யார் எப்போது எடுத்தார் என்ற பதிவு ஆகிய மூன்றையும் முதல் வேலைக்கு முன்பே ஏற்பாடு செய்யுங்கள். ஊழியர்கள் பாதுகாப்புப் பின்னணிச் சோதனைக்கு உட்பட வேண்டியிருக்கும். அதற்கு நேரம் எடுக்கும் என்பதால் முன்கூட்டியே விவரங்களைச் சேகரித்துவையுங்கள்.

நம்மவர்கள் அதிகம் கவனிக்காத சட்டம் 2010ஆம் ஆண்டு உத்திமுறை வாணிபச் சட்டம். தற்காப்புக்கும் பொதுப் பயன்பாட்டுக்கும் உதவும் பொருள்களையும் தொழில்நுட்பத்தையும் நாட்டுக்கு வெளியே அனுப்புவதை அது கட்டுப்படுத்துகிறது. பெட்டியில் வைத்துக் கப்பலில் அனுப்புவது மட்டும் இதில் அடங்கும் என்று எண்ணிவிடாதீர்கள். மின்னஞ்சலில் வடிவமைப்பு வரைபடத்தையோ மென்பொருளையோ அனுப்புவதும் அடங்கும். கோயம்புத்தூரில் இருக்கும் உறவினர் நல்ல பொறியாளர் என்பதற்காக, கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள ஒரு வடிவமைப்பை அவரிடம் அனுப்பித் திருத்தச் சொன்னால் அது உரிமம் தேவைப்படும் ஏற்றுமதியாகிவிடலாம். விவசாய டிரோன்தானே என்ற வாதமும் நிற்காது. ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டுக்கான பன்னாட்டு ஏற்பாட்டின் பட்டியலிலேயே, தானாகப் பறந்து செல்லும் ஆற்றலோடு 20 லிட்டருக்கு மேல் கொள்ளளவுள்ள தெளிப்பு அமைப்பைக் கொண்ட ஆளில்லா வானூர்திகள் பற்றிய பிரிவு இருக்கிறது. முதலீட்டு, வாணிப, தொழில் அமைச்சு வெளியிட்டுள்ள பொருள் பட்டியலோடு உங்கள் தயாரிப்பை ஒருமுறை வரிக்கு வரி ஒப்பிட்டு, முடிவை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஐயம் இருந்தால் அமைச்சிடம் கேட்டுவிடுங்கள்.

கையூட்டு விஷயத்தில் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 17ஏ பிரிவு 2020 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நிறுவனத்தோடு தொடர்புடைய ஒருவர் நிறுவனத்தின் நலனுக்காகக் கையூட்டு கொடுத்தால் நிறுவனமே குற்றவாளியாகும். தண்டம் கையூட்டின் மதிப்பைப்போல் குறைந்தது 10 மடங்கு அல்லது 10 இலட்சம் ரிங்கிட், இதில் எது அதிகமோ அது. 20 ஆண்டு வரை சிறையும் உண்டு. ‘உள்ளே எனக்கு ஆள் இருக்கிறது, ஒரு பங்கு கொடுத்தால் முடித்துத் தருகிறேன்’ என்று வரும் இடைத்தரகர் எவராக இருந்தாலும், ஊர்க்காரராகவே இருந்தாலும், அவரை அன்றே வாசலோடு அனுப்பிவிடுங்கள். நிறுவனம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் ஊழல் தடுப்புக் கொள்கையை எழுதி, ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அதற்கான பதிவை வைத்திருங்கள்.

மனிதர்களை அறிவது

இரண்டாண்டுக்கு ஒருமுறை கோலாலம்பூரில் நடக்கும் டிஎஸ்ஏ தற்காப்புக் கண்காட்சியும், லங்காவியில் நடக்கும் லிமா கடல், வான் கண்காட்சியும் இத்துறையின் பெரிய சந்தைகள். முதல்முறை கூடம் எடுக்க வேண்டாம். பார்வையாளராகப் போய், எந்த வெளிநாட்டு நிறுவனத்துக்கு உள்ளூரில் எந்த வேலை செய்து தர ஆள் தேவை என்று கேட்டு வாருங்கள்.

அதைவிடவும் பயன் தரும் வழி ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவரை நிறுவனத்தில் சேர்ப்பது. தொழில்நுட்பப் பிரிவில் பணியாற்றிய சார்ஜென்ட் ஒருவர், சரக்குப் பதிவேடு எப்படி எழுதப்படுகிறது, கருவி பழுதானால் அது எத்தனை கைகள் மாறிப் பட்டறைக்குப் போகிறது, வீரர் கையுறையோடு எந்தப் பொத்தானை அழுத்த முடியாது என்பதையெல்லாம் ஒரே நாளில் சொல்லிவிடுவார். ஓய்வுபெறும் வீரர்களுக்கு மறுவாழ்வுப் பயிற்சி தரும் பெர்ஹெபாட் வழியாக அத்தகையோரைத் தேடலாம். இளம் ஊழியர்களில் விருப்பமுள்ளவர் அஸ்கார் வாத்தானியா தொண்டர் படையில் சேர்வதும் நல்ல அனுபவம்.

கருவியைக் காட்ட அழைப்பு வந்தால் விளக்கப்படங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். கருவியை அங்குள்ள ஒரு வீரரின் கையில் கொடுத்து, அவரே இயக்கட்டும். அவர் தடுமாறும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அடுத்த சந்திப்புக்கு முன் திருத்திவிட்டு, என்ன திருத்தினோம் என்று ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள்.

இந்தியாவில் 2018ஆம் ஆண்டு தொடங்கிய ஐடெக்ஸ் திட்டம், படைகளின் தேவைகளைச் சிக்கல் வாக்கியங்களாக வெளியிட்டுப் புத்தொழில் நிறுவனங்களை அழைக்கிறது. தமிழ்நாட்டில் சென்னை, கோயம்புத்தூர், ஓசூர், சேலம், திருச்சி ஆகிய ஐந்து இடங்களை இணைத்துத் தற்காப்புத் தொழில் வழித்தடமும் அமைந்திருக்கிறது. ஐடெக்ஸ் திட்டம் இந்திய நிறுவனங்களுக்கானது. எனினும் வெளியிடப்பட்ட சிக்கல் வாக்கியங்களைப் படித்தால், ஒரு படை தன் தேவையை எந்த நுணுக்கத்தோடு எழுதுகிறது என்பது விளங்கும்.

ஒப்பந்தத்துக்குப் பிறகு

படை ஒரு கருவியை ஏற்றுக்கொண்டால் அதை நீண்ட காலம் வைத்திருக்கும். அதற்குள் உங்கள் கருவியின் சில்லு உற்பத்தியிலிருந்து நின்றுவிடலாம். மென்பொருளை எழுதியவர் வேலையை விட்டுப் போயிருக்கலாம். ஆகவே விலையைச் சொல்லும்போதே உதிரிப்பாகங்களின் பட்டியலையும், மாற்றுச் சில்லு எது என்பதையும், எத்தனை ஆண்டுகள் திருத்தங்கள் வழங்குவீர்கள் என்பதையும் எழுதிக்கொடுங்கள். நிறுவனம் மூடப்பட்டால் மூல நிரலைப் பெற்றுக்கொள்ளும் உரிமை படைக்கு இருக்கும்படி நம்பகமான மூன்றாம் தரப்பிடம் ஒப்படைத்து வைக்கும் ஏற்பாட்டை நீங்களே முன்வந்து சொல்லலாம். சிறிய நிறுவனம் நிலைக்குமா என்ற அவர்களின் நியாயமான அச்சத்துக்கு அது நேரடிப் பதில். பயிற்சிக் கையேட்டை மலாயில் படங்களோடு தயாரித்து, புதிதாகச் சேர்ந்த வீரர் ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். உங்கள் உதவியின்றி அவர் கருவியைப் பொருத்தி, இயக்கி, மின்கலத்தை மாற்றி, பழுதைப் பதிவு செய்துவிட்டால் கையேடு ஆயத்தம்; இல்லையென்றால் அவர் நின்ற பக்கத்தைத் திருத்தி எழுதிவிட்டு ஒப்படையுங்கள்.